மூழ்காத பூச்சிகள்

மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிற ஆளை என்னவென்று சொல்வது? நான் பைத்தியம் என்றுதான் சொன்னேன். முகத்துக்கு நேராகவே சொன்னேன். டங்கன் சிரித்தார். அந்த மனுஷருக்குக் கோபமே வராது. அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. எவ்வளவு நேரம்தான் ஒருத்தியே கத்திக்கொண்டிருப்பது?

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் தெருவில் எங்கள் வீடு. முன்பக்கம் நானும் என் வீட்டுக்காரர் பரசுராமனும். அவருக்கு ஆட்டோ ஓட்டுகிற வேலை. மாடியில் ஒற்றை அறை, அது ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஸ்காட்லாந்துக்காரர் டங்கன் வருஷா வருஷம் ஐப்பசியில் வந்து மாசியில் போவார். காலையில் தியானம், மத்தியானம் தூக்கம், மிச்ச நேரமெல்லாம் பூச்சி கட்டுவார்.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. நெல்மணி அளவு ஒரு தூண்டில் முள்ளை எடுத்து, கறிக்கடையில் வாங்கி வந்த சேவல் கழுத்து இறகை அதில் சுற்றி, பட்டு நூலால் கட்டுவார். கட்டி முடித்ததும் பார்த்தால் சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றுமே, அந்தப் பூச்சியேதான். கால் இருக்கும், இறக்கை இருக்கும், முள் மட்டும் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். இதை எடுத்துக்கொண்டு ஊட்டிப் பக்கத்து ஓடைகளுக்குப் போவார். அங்கே டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். அந்த மகாராஜா தண்ணீருக்கு மேலே உட்கார்ந்த பூச்சியைத்தான் எட்டிப் பிடிப்பாராம், நனைந்து மூழ்கின பூச்சியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாராம்.

“அப்ப இறகு தண்ணியில ஊறாம எப்டி இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என்னிடமே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, ஒரு பூச்சியைப் போட்டார். சொட்டச் சொட்ட நனைந்து அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொரு பூச்சியைப் போட்டார். அது மேலேயே கால் பரப்பி நின்றது. விரலால் அழுத்தினார், மறுபடி எழுந்து நின்றது. அதற்கு ஒரு மருந்து. ஊரிலிருந்து கொண்டுவந்த குப்பி தீர்ந்துபோய், இங்கேயே தயார் செய்திருந்தார். வாட்ச் ரிப்பேர் கடையில் வாங்கின வெள்ளைப் பெட்ரோலில் மெழுகுவத்தியைச் சீவிப் போட்டுக் கரைத்தது. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பூச்சியை அதில் ஊறப்போட்டு எடுத்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும், மெழுகு இறகில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மூழ்கவே மூழ்காது. நான் அதற்கு ‘மெதக்குற மருந்து’ என்று பேர் வைத்தேன்.

“சரி தொரை, பாவம் அந்த மீனு. முள்ளு குத்தினா அதுக்கு வலிக்காதா?”

“வலிக்காது, சரோஜாம்மா. மீனுக்கு வலி தெரியாது. புத்தகத்துல இருக்கு.”

“மீனு எழுதின புத்தகமா?” என்றேன். அதற்கும் சிரித்தார்.

பின்கட்டில் குடியிருந்தவர்கள் நயினார் குடும்பம், ஜைனர்கள். ஜினதாசன் கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார், பஸ்ஸில் போய் வருவார். மனைவி ஜெயமதி. ஒரே பெண் சுதர்சனா, ஒன்றாம் வகுப்பு. அந்த வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு அடுப்பு எரியாது, வாயில் ஒரு பருக்கை படாது. எறும்பு வரிசை வாசலைத் தாண்டினால் ஜெயமதி வாசலைத் தாண்ட மாட்டாள், காத்துக்கொண்டு நிற்பாள். நான் கரண்டியும் கையுமாக அந்தப் பக்கம் வந்தேனோ, “அக்கா, பாத்துக்கா, பாத்து!” என்று கத்துவாள்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் ஓயாத வம்பு. முனிசிபாலிட்டிக் குழாய் வாசலில் இருக்க, தெருக்கோடியில் பலராமன் நிலத்துக் கிணற்றுக்குப் போய் இறைத்து வருவாள். வந்து, குடத்து வாயில் இரட்டை மடிப்பாக ஒரு வெள்ளைத் துணி கட்டி வடிகட்டுவாள். அதோடு விட்டாளா? துணியைத் திருப்பிப்போட்டு, வடித்த தண்ணீரையே ஊற்றி அலசி, அந்த அலசின தண்ணீரை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போவாள். வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி அதிலேயே விட்டுவிட்டு வருவாள்.

“கண்ணுக்கே தெரியாத பூச்சிய வூடு வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு வரியாடி?”

“வந்த தண்ணிக்கே திரும்பப் போவணுங்க்கா. வேற தண்ணியில உட்டா செத்துடும்.”

சுதர்சனா பக்கத்திலேயே நிற்பாள். தன் சின்ன டம்ளரை வைத்து, கைக்குட்டையைக் கட்டி, அவளும் வடிகட்டுவாள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிணற்றங்கரைக்கும் போவாள். ஆறு வயசுக்கு அந்தப் பெண் ரொம்ப அழுத்தம். கேள்வி கேட்காது. பார்த்துப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

மாடிக்காரர் மீன் பிடிக்கிறவர் என்பது ஜெயமதிக்குத் தெரியும். ஆனால் ‘மீன் பிடிக்கிறது’ என்ற பேச்சே குழந்தை காதில் விழக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒருநாள் ஊர் ஏரிக்கரையில் டங்கன் நீளக் கழியை வீசிப் பழகிக்கொண்டிருந்தார். முள்ளை ஒடித்துவிட்ட பூச்சி, நூல் நுனியில் தண்ணீர்மேல் போய் உட்காரும், சுண்டினால் பறந்து அவர் கைக்கு வரும். ஜெயமதியும் குழந்தையும் கரைமேல் வந்துகொண்டிருந்தார்கள். சுதர்சனா நின்றுவிட்டாள்.

“அங்கிள் இன்னாம்மா பண்றாரு?”

“அதெல்லாம் பாக்கக் கூடாது. வா.” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையும் கேட்கவில்லை. இதை ஜெயமதிதான் அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னாள், நானும் சரிதான் என்று தலையாட்டினேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த வாரம். மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மழை கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பியிருந்தது. மறுநாள் ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும் என்று டங்கன் கட்டி வைத்திருந்த பூச்சியையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மருந்தை ஊற்றி, நாற்றம் அறைக்குள் வேண்டாமென்று மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு ஆசிரமத்துக்குப் போயிருந்தார். ஜினதாசன் வருகிற பஸ் இன்னும் வரவில்லை. நான் முன்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“சுதா! பொழுது சாயுது. சாப்ட வா!”

தினமும் கேட்கிற குரல்தான். குழந்தையும் தினமும் ஓடி வந்துவிடும், இருட்டினால் பட்டினி என்று தெரியும். இரண்டாவது தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அந்தக் குரல் வேறாக இருந்தது. நான் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

மாடிப்படிக்கு அடியில் ஜெயமதி நின்றுகொண்டிருந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி திறந்து ஒருக்களித்துக் கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. தரையெல்லாம் ஈரம், மூக்கில் ஏறுகிற பெட்ரோல் வாசனை. பக்கத்தில் சுதர்சனாவின் டம்ளர். தாய்மாமன் பேர் வெட்டிக் கொடுத்தது, அவள் தண்ணீர் வடிகட்டுகிற அதே எவர்சில்வர் டம்ளர். அடியில் ஒரு வாய் மருந்து மிச்சம் இருந்தது.

எங்கள் பழைய தெருவில் ஒரு குழந்தை கிருஷ்ணாயிலைத் தண்ணீர் என்று குடித்துவிட்டு, எழுந்து நாலு வீடு தள்ளிப் போய் விழுந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“சுதா! ஏய் சுதா!” கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கக்கூஸ் கதவைத் தள்ளினேன். மாடிக்கு ஓடினேன், இறங்கி ஓடிவந்தேன். எங்கேயும் இல்லை. ஓடிக்கொண்டே ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்தேன், கிடைத்தால் வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்று.

கேட் திறக்கிற சத்தம். டங்கன். நான் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். வெள்ளைக்காரருக்கும் முகம் இன்னும் வெளுக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

“குழந்தை குடிச்சா?”

“குழந்தையே காணோம் தொரை!”

“உப்புத் தண்ணி வேண்டாம். வாந்தி எடுத்தா பெட்ரோல் நுரையீரல் உள்ள போகும். ஆஸ்பத்திரி. உடனே ஆஸ்பத்திரி.”

“யாரத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரி போறது?” என்று நான் கத்தினேன். கத்தும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பாட்டிலுக்குள் மருந்து மட்டுமா இருந்தது? அத்தனை முள்ளும் இருந்ததே. ஒன்றுகூட இல்லையே.

“அய்யோ, முள்ளையும் சேத்து முழுங்கிட்டாளா?”

டங்கன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அதுவரை ஜெயமதி ஒரு சொட்டு அழவில்லை. வீட்டுக்குள் போனவள் திரும்பி வந்தாள். “அக்கா, கொடத்து வாயில கட்டியிருந்த துணி இல்ல.”

“துணி கெடக்குது கழுதை! புள்ள எங்கடி?”

“துணி இல்லக்கா.” அவள் குனிந்து டம்ளரைக் கையில் எடுத்தாள். “குடிக்கல. வடிகட்டியிருக்கா. பாட்டில்ல பூச்சி செத்துக்கிட்டு இருக்குதுன்னு நெனச்சிருக்கா. எம்பொண்ணு அதைத் துணியில எடுத்துக்கினு உட்டுட்டு வரப் போயிருக்காக்கா.”

குடிக்கவில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வந்த மூச்சு அப்படியே நின்றது. உட்டுட்டு வர எங்கே போவாள்? கிணற்றுக்குத்தானே!

தெருக்கோடிக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு இல்லை. பின்னாலேயே ஆட்டோவில் வந்த என் வீட்டுக்காரர், “இன்னாடி, இன்னாடி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து ரொம்ப நாளாகிறது. மழையில் தண்ணீர் மேலேறி, கையை நீட்டினால் தொடுகிற உயரத்துக்கு வந்திருந்தது. கறுப்பாக, ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஆடாமல் கிடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜெயமதி இடிந்த பக்கத்தில் மண்டி போட்டுக் குனிந்தாள். “சுதா” என்றாள். கிணறு அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது.

பரசுராமன் சட்டையைக் கழற்றிவிட்டார். “நவுருங்க. நான் உள்ள எறங்கிப் பாக்கறேன்.” எங்கள் வீட்டுக்காரர் நீச்சலில் ஒன்றும் சூரர் இல்லை. அந்தக் கிணற்றில் சேறு ஆளை விழுங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேனா, இறங்கு என்று தள்ளினேனா, இரண்டும்தான் செய்தேன்.

“இரு! இரு, பரசு!” டங்கன் மூச்சிரைக்க வந்து அவர் தோளைப் பிடித்தார். தண்ணீரையே பார்த்தார். இந்த ஓரம், அந்த ஓரம், படிக்கல் இடுக்கு, எல்லாம் பார்த்தார். “இங்க இல்ல.”

“ஒனக்கு எப்டித் தெரியும்?” நான் அவரை ஒருமையில் பேசினது அன்று ஒருநாள்தான்.

“பூச்சி இல்ல. நான் மருந்து போட்டேன். அது மூழ்காது. அவ இங்க விட்டா எல்லாம் மேல இருக்கணும். ஒண்ணுகூட இல்ல. அவ இங்க வரல.”

“துணியோட விழுந்திருந்தா?”

அவர் மறுபடி தண்ணீர்ப் பக்கம் குனிந்தார். வாடைக்காற்று ஒரு தரம் வீசி கிணற்றுத் தண்ணீரைச் சுருக்கிவிட்டுப் போனது. ஒரு சருகு மிதந்தது, அவ்வளவுதான். பரசுராமன் ஒரு காலைப் படிக்கல்லில் வைத்துவிட்டார்.

“வந்த தண்ணிக்குத்தான் போவணும்” என்றாள் ஜெயமதி. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள். பிறகு தலையைத் தூக்கினாள். “இந்தப் பூச்சிங்க இந்தக் கெணத்துலேர்ந்து வரலியே. அவளுக்கு அது நல்லாத் தெரியும். அவ கண்ணால பாத்திருக்கா. ஏரியிலேர்ந்து பூச்சி பறந்து வந்து சார் கையில ஒக்காந்துச்சி. அவரு ஏரிப் பூச்சியப் புடிச்சாந்து பாட்டில்ல போட்டுட்டாருன்னு நெனச்சிருக்கா. நான்தான் ஒண்ணுமே சொல்லாம இழுத்துக்கினு வந்துட்டேனே!” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஏரி என்றதும் பரசுராமன் ஆட்டோவை எடுத்தார். நிரம்பின ஏரியில் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள், கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் அதே மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க இறங்கின எருமைக்கன்று ஒன்றை மதகு உள்ளே இழுத்துக்கொண்டது, அது மறுநாள்தான் வாய்க்காலில் கிடைத்தது. அதை ஜெயமதியிடம் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாமலையாரே, அந்தக் குழந்தை எறும்பைக்கூட மிதிக்காதே. அதற்கா இந்தச் சோதனை?

கரையடிச் சேற்றில் ஆட்டோ சக்கரம் புதைந்தது. இறங்கி ஓடினோம். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, ஏரி பாதி பளபளப்பும் பாதி இருட்டுமாகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. சுதா, சுதா என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கொக்குதான் எழுந்து பறந்தது.

டங்கன் கத்தவில்லை. தண்ணீரோரமாகக் குனிந்துகொண்டே நடந்தார். காட்டாமணக்குப் புதர்கிட்டப் போனதும் நின்றார். “சரோஜாம்மா.”

புதரோரத்தில், தண்ணீர்மேல், பூச்சிகள். ஒன்று, அதற்குத் தள்ளி இன்னொன்று, நுரையோடு நுரையாக ஒரு கும்பல். ஒன்றுகூட நனையவில்லை. காற்று அடிக்க அடிக்க, கால் பரப்பி நின்றபடியே வந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அழகான வேலைதான். பூச்சி இருக்கிறது. குழந்தை எங்கே?

“தண்ணியில குதிக்கட்டுமா?” பரசுராமன் கேட்டார்.

“இங்க இல்ல. காத்து அங்கேர்ந்து வருது.” டங்கன் கையை நீட்டினார். தண்ணீர்மேல் புள்ளி புள்ளியாகப் பூச்சிகள் ஒரு வரிசை போட்டிருந்தன. வாடைக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியதோ அந்தப் பக்கமாகவே அந்த வரிசை போனது. கண்ணால் அதைப் பிடித்துக்கொண்டே போனால், முடிவில் மதகு.

மதகுக் கல்மேல் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. சுதர்சனாவின் பள்ளிக்கூடச் சட்டை.

நான் கத்த வாயைத் திறந்தேன். ஜெயமதி என் வாயைப் பொத்தினாள், பல் வலிக்கும்படி பொத்தினாள். “கத்தாதக்கா. திரும்பிப் பாத்தா வழுக்கிடுவா.”

கிட்டே போகப் போகத்தான் தெரிந்தது. தண்ணீர்மட்டத்துக்குப் பாசி பிடித்த ஒரு படிக்கல். அதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் மதகுத் தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தண்ணீர் பக்கம் நீட்டியபடி இருந்தது. அந்தக் கை விரலிலிருந்து வெள்ளைத் துணி தண்ணீருக்குள் போயிருந்தது. மதகு அந்தத் துணியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு மாதிரி முறுக்கேறி, விறைத்து நின்றது துணி. முள் ஒன்று துணியையும் சேர்த்து அவள் ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. இழுக்கிற இழுப்பில் அவளுடைய சின்னத் தோள் முன்னால் போவதும், அவள் தூணைக் கட்டிப் பின்னால் சாய்வதுமாக இருந்தது. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறாளோ! அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

பரசுராமன் தாவப் போனார். டங்கன் அவர் சட்டையில்லாத முதுகில் கை வைத்து நிறுத்தினார். படிக்கல்லில் இன்னொரு பெரிய ஆள் நிற்க இடமில்லை.

ஜெயமதி இறங்கினாள். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பாசியில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். இறங்கிக்கொண்டே, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

“சுதா, பொழுது போவுதே. சாப்பாடு ஆறுது பாரு.”

“வரேம்மா.” குழந்தை திரும்பவில்லை. “ஆனா துணி இழுக்குதும்மா.”

“இழுக்கட்டும். நீ தூணப் புடிச்சிக்கோ. அம்மா பின்னாலேர்ந்து ஒன்னப் புடிச்சிக்கிறேன்.”

நான் கரைமேல் நின்று என் தாலியைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெயமதியின் கால் ஒரு தரம் சறுக்கியது. என் உயிர் போய் வந்தது. அவள் குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். அதற்குள் டங்கன் கரைச்சரிவில் குப்புறப் படுத்து, உடம்பில் பாதியைத் தண்ணீர்மேல் நீட்டிவிட்டார். காலை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், என் வீட்டுக்காரரை நான் பிடித்துக்கொண்டேன். டங்கன் கழுத்தில் நூல் வெட்டுகிற ஒரு வெட்டுக்கருவி எப்போதும் தொங்கும், நகவெட்டி மாதிரி. அதால் விரலுக்குக் கீழே துணியை வெட்டினார். அது நூல் வெட்டுவதற்கு, துணிக்குச் சரிப்படவில்லை. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. கடைசி இழை அறுந்தது.

துணி மொத்தமும் ஒரே வாயில் உள்ளே போனது. மடக் என்று ஒரு சத்தம், தாகத்தில் இருப்பவன் தண்ணீர் குடிப்பானே அந்தச் சத்தம். அவ்வளவு பெரிய துணி போன இடம் தெரியவில்லை. இன்றைக்கும் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரமாக இறங்கினால் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

ஜெயமதி குழந்தையைத் தூக்கிக் கரையில் போட்டு, அவள்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். நான் போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். “அடிப்பாவி, அடிப்பாவி மவளே, எங்களயெல்லாம் கொன்னுட்டியேடி!” என்று முதுகில் ரெண்டு வைத்தேன். வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

“பெரிம்மா, கையத் தொடாதீங்க!” சுதர்சனா விரலை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கிழிந்த துணி நுனியும், அதோடு ஒரு பழுப்புப் பூச்சியும், விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே ஒரு சொட்டு இரத்தம்.

“எடுத்துடறேன் கண்ணு, முள்ளுடி அது.”

“வேணாம். இழுத்தா செத்துடும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதைப்போல. “மத்ததெல்லாம் தண்ணியில உட்டும் அசையவே இல்ல பெரிம்மா. சும்மா மெதக்குது. இது ஒண்ணுதான் உயிரோட இருக்குது. கடிச்சிக்கினே இருக்குது பாருங்க.”

ஜெயமதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. உண்மையை அந்த நேரத்தில் சொல்ல அவளால் முடியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்கிற எனக்கும் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அங்கிள், நீங்க எடுங்க. ஒங்களுக்குத்தான் பழக்கம்” என்று விரலை டங்கனிடம் நீட்டினாள். “மெதுவா. அதுக்கு வலிக்கும்.”

டங்கன் சேற்றில் மண்டியிட்டார். முள்ளின் நுனிக்குப் பின்னால் ஒரு எதிர்முள் இருக்குமாம், வந்த வழியே வராது. முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, அதை வெட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும். எத்தனை மீன் வாயில் செய்த வேலையோ, அன்றைக்குத் தள்ளுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அவர் தள்ளும்போது குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டது. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது, சத்தம் வரவில்லை. பூச்சி பயந்துவிடக் கூடாதாம்.

முள் வெளியே வந்தது. அவர் பூச்சியைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அது காற்றில் லேசாக ஆடியது. சுதர்சனா விரலை வாயில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“அங்கிள், அதுக்கு வலிச்சிதா?”

டங்கன் உள்ளங்கையை மூடினார். என்னை ஒரு தரம் பார்த்தார். எனக்கு என்னவோ அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

“வலிச்சுது” என்றார். “ரொம்ப வலிச்சுது.”

குழந்தை தலையாட்டியது. பொழுது அடைந்துவிட்டது, மலை உச்சியில் தீபம் தெரிய ஆரம்பித்தது. அன்றிரவு தாயும் மகளும் பட்டினிதான், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயமதி புடவையை மறுபடி தூக்கிச் சொருகினாள். “முள்ளெல்லாம் தண்ணிமேல கெடக்குதே. மீனு கடிச்சிடும்” என்று காட்டாமணக்குப் புதரைப் பார்த்து நடந்தாள். டங்கனும் என் வீட்டுக்காரரும் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. சுதர்சனாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மதகுப் பக்கம் திரும்பாமல், ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன்.